ரீட்-ஒன்லி பெட்டியில் நேரம் தப்பாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத இடங்களில் ராஸ்பெர்ரி பை (சுருக்கமாகப் பை) என்ற சின்னக் கணினியை வைத்து வெப்பநிலை, நீர்மட்டம் பதிவு செய்யும் பெட்டிகளை அமைத்துக் கொடுப்பது என் வேலை. எஸ்டி கார்டு கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகக் கார்டை ரீட்-ஒன்லியாக வைத்துவிடுவோம். பெட்டி அதிலிருந்து படிக்கும், எதையும் எழுதாது. அளவுகள் மட்டும் தனியாக ஒரு பென் டிரைவிலோ சர்வரிலோ போய்ச் சேரும். கார்டு பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும், ஆனால் நேரப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கும். தெரிந்தவர்கள் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

லேப்டாப்பை ஒரு மாதம் அணைத்து வைத்தாலும் நேரம் சரியாகக் காட்டுகிறது, இந்தப் பை மட்டும் ஏன் மறந்துபோகிறது?

லேப்டாப்புக்குள் ஆர்டிசி என்ற சின்னக் கடிகாரச் சிப் இருக்கிறது. மெஷின் அணைந்திருந்தாலும் பேட்டரியில் இருந்து துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு அது எண்ணிக்கொண்டே இருக்கும். பை 4 வரை ராஸ்பெர்ரி பை போர்டில் அது கிடையாது. 2023-ல் வந்த பை 5-ல் சிப் உண்டு, ஆனால் பேட்டரியை நாம்தான் வாங்கி மாட்டவேண்டும். மாட்டாவிட்டால் கரண்ட் போனதும் அதுவும் மறந்துவிடும்.

மெஷின் ஓடும்போது நேரத்தை எண்ணுவது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். பூட் ஆகும்போது "இப்போது மணி இது" என்று யாராவது சொன்னால்தான் அங்கிருந்து எண்ண முடியும். சொல்ல ஆளில்லை என்றால் 1970 ஜனவரி 1-ல் இருந்து ஆரம்பிக்கும். இப்போதைய லினக்ஸ்களில் சிஸ்டம்டி (பூட்டில் மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் நிரல்) அதைக் கவனித்து, குறைந்தபட்சம் தான் உருவாக்கப்பட்ட தேதிக்காவது நேரத்தை முன்னால் தள்ளிவைக்கும்.

ரீட்-ஒன்லி ஆக்குவதற்கு முன்னால் நன்றாகத்தானே ஓடியது? இப்போது ரீபூட் செய்யும்போதெல்லாம் மார்ச் மாதத்துக்கே போய்விடுகிறது.

முன்னால் நன்றாக ஓடியதற்குக் காரணம், ஃபேக் எச்டபிள்யூ-க்ளாக் என்ற சின்ன நிரல். மணிக்கு ஒரு தடவையும் ஷட்டவுன் ஆகும்போதும் அப்போதைய நேரத்தை ஒரு ஃபைலில் எழுதிவைக்கும், அடுத்த பூட்டில் அதை எடுத்து "இதுதான் நேரம்" என்று கர்னலிடம் கொடுக்கும். அணைந்திருந்த நேரம் கணக்கில் வராது என்றாலும் நேரம் பின்னோக்கிப் போகாது. நெட்டில் இருந்து நேரம் எடுக்கும் சிஸ்டம்டியின் டைம்சிங்க் நிரலும் இதே வேலையை வேறொரு ஃபைலை வைத்துச் செய்கிறது.

கார்டை ரீட்-ஒன்லி ஆக்க அதன் மேல் ஓவர்லே (எழுதுவதையெல்லாம் மெமரியில் வாங்கிக்கொள்ளும் அடுக்கு) போட்டதும் அந்த ஃபைல் மெமரியில்தான் எழுதப்படும், ரீபூட் ஆனால் போய்விடும். கார்டில் இருப்பது நீங்கள் பெட்டியை உறையவைத்த அன்றைய நேரம், அதுதான் ஒவ்வொரு பூட்டிலும் திரும்பி வருகிறது. எனக்கு இது புரிந்தது ஒரு பால் குளிரூட்டும் தொட்டியின் பதிவைப் பார்த்தபோதுதான். ஜூலை 2 காலை 6:40, 4.1 டிகிரி என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியே மார்ச் 14 மாலை 7:17, 4.3 டிகிரி, அதற்குக் கீழே இருபது வரி மார்ச்சிலேயே ஓடிவிட்டு மறுபடியும் ஜூலை. அந்த மார்ச் 14 மாலை 7:17, நான் இமேஜை (கார்டில் ஏற்றும் முழு ஓஎஸ் நகலை) முடித்து ஓவர்லேயைப் போட்ட நேரம்.

இதை 1970-ஐவிட மோசம் என்று நினைக்கிறேன். 1970 என்று இருந்தால் பார்க்கிற எவருக்கும் தப்பு என்று தெரிந்துவிடும். மார்ச் 14 என்பது நம்பும்படியான தேதி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதனால் ரீட்-ஒன்லி ஆக்கும் முன் ஃபேக் எச்டபிள்யூ-க்ளாக்கை நீக்கிவிடுங்கள், அதன் ஃபைலையும் அழித்துவிடுங்கள்.

நெட் இருக்கிறதே, அரை நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும், அப்புறம் எதற்கு இவ்வளவு கவலை?

நெட் எப்போதும் இருந்தால் பாதிக் கவலை இல்லை, உண்மைதான். மீதிப் பாதி அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன இருபது வரி அப்படி வந்ததுதான்: பதிவு நிரல் நேரம் சரியாகும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டது, அன்று மோடம் எழுந்து வரத் தாமதமாகிவிட்டது. பதிவு நிரலை நேரம் ஒத்திசைந்த பிறகே தொடங்கும்படி சிஸ்டம்டியில் வரிசைப்படுத்துங்கள், அதற்கென்றே காத்திருக்கும் சேவை ஒன்று அதில் உண்டு. டைம்சிங்குக்குப் பதில் குரோனி என்ற நேர ஒத்திசைவு நிரலைப் பயன்படுத்தினால் அதிலும் "ஒத்திசையும் வரை காத்திரு" என்ற கட்டளை இருக்கிறது.

இன்னொரு சிக்கல், கோழி முட்டைக் கதை மாதிரியானது. நேரம் மிகவும் பின்னால் இருந்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் பல "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும். சர்வரின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் பெயர்த் தேடலில், பதில் போலியா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு வைத்திருந்தால் அதன் கையொப்பங்களுக்கும் தேதி உண்டு, அவையும் தோற்கும். நெட் வழியாக நேரம் தரும் என்டிபி சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியாமல் பெட்டி நேரமில்லாமல் உட்கார்ந்திருக்கும். இதற்காகவே ஒன்றிரண்டு சர்வர்களை ஐபி எண்ணாகவும் எழுதிவைப்பது நல்லது, முடிந்தால் அதே வளாகத்தில் உள்ள ரவுட்டரையே நேர சர்வராக்கிவிடுங்கள்.

டிஎஸ்1307 மலிவாகக் கிடைக்கிறது. எல்லோரும் டிஎஸ்3231 வாங்கு என்கிறார்கள். அப்படி என்ன வித்தியாசம்?

இரண்டுமே பையில் வெளியே இருந்து மாட்டும் ஆர்டிசி சிப்கள். வித்தியாசம் வெயில். ஆர்டிசி சிப்கள் நொடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து எண்ணுகின்றன. இந்தப் படிகம் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வேகமாக ஓடும், அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். எத்தனை டிகிரி விலகியதோ அதன் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால், பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு பின்தங்கும் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். இந்தப் பங்கைத்தான் பிபிஎம் என்கிறோம். ஒரு பிபிஎம் என்றால் ஒரு நாளைக்கு 0.0864 நொடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் 55 டிகிரி சாதாரணம். 30-ன் வர்க்கம் 900, அதை 0.034-ஆல் பெருக்கினால் 30 பிபிஎம் சொச்சம். நாளுக்கு 2.6 நொடி, அதே சூட்டில் ஒரு மாதம் இருந்தால் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல். டிஎஸ்1307-ல் இதைத் திருத்த எந்த வழியும் இல்லை. டிஎஸ்3231 படிகத்தையும் வெப்பமானியையும் உள்ளேயே வைத்திருக்கிறது, 64 நொடிக்கு ஒரு தடவை சூட்டை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரிக்குள் 2 பிபிஎம், மைனஸ் 40 முதல் 85 வரை 3.5 பிபிஎம் என்பது அதன் உத்தரவாதம். 2 பிபிஎம் என்றால் ஒரு வருடத்துக்கே சுமார் ஒரு நிமிடம்தான். ஆள் போய்ப் பார்க்க ஒரு நாள் பயணம் ஆகும் இடத்தில் வைக்கிற பெட்டிக்கு டிஎஸ்1307-ஐப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

வாங்கிய மாட்யூலில் பட்டன் பேட்டரி உப்பிவிட்டது. டூப்ளிகேட் சிப்பா?

சிப் நல்லதாகவே இருக்கலாம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இசட்எஸ்-042 மாட்யூலில் (டிஎஸ்3231 சிப்பும் பேட்டரி இடமும் சேர்ந்த சின்ன போர்டு) ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்த சார்ஜிங் சர்க்யூட் இருக்கிறது. அது சார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032 பேட்டரிக்காகப் போட்டது. நாம் சார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் அந்தப் பேட்டரியைப் பலவந்தமாக சார்ஜ் செய்கிறோம், அது உப்பும், கசியும்.

பையில் மாட்டும்போது 3.3 வோல்ட் பின்னில் கொடுங்கள். டயோடில் கொஞ்சம் வோல்ட்டேஜ் குறைந்துவிடும் என்பதால் 3 வோல்ட் பேட்டரிக்குள் சார்ஜ் போகாது. 5 வோல்ட் கொடுத்தால் டேட்டா கம்பிகளிலும் 5 வோல்ட் வந்து பையின் பின்களைக் கெடுக்கும் அபாயம் வேறு. நான் இதோடு விடாமல், அந்த ரெசிஸ்டரையும் சால்டரிங் அயர்னால் சூடாக்கி எடுத்துவிடுகிறேன்.

சிப்பை மாட்டிவிட்டேன், கர்னலும் அடையாளம் காண்கிறது, ஆனாலும் பழைய நேரமே வருகிறதே?

மூன்றில் ஒன்றாக இருக்கும். ஃபேக் எச்டபிள்யூ-க்ளாக் இன்னும் நீங்காமல் இருக்கலாம். அல்லது சிப்போடு பேசும் டிரைவர் நிரல், கர்னலில் பின்னால் ஏற்றப்படும் தனித் துண்டாக இருந்து, கர்னல் நேரம் கேட்கிற கணத்தில் அது ஏறாமல் இருந்திருக்கலாம். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில், டிரைவர் ஏறியதும் சிப்பில் இருந்து நேரத்தை எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் "சிஸ்டம்டி இருந்தால் வெளியேறு" என்று சில வரிகள் இருந்தால் அவற்றை முடக்கவேண்டும். இதையெல்லாம் ஓவர்லே போடும் முன்பே செய்யுங்கள், ஓவர்லேக்கு மேல் திருத்திவிட்டு ரீபூட்டில் திருத்தம் காணாமல் போய் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பேட்டரி ஒருமுறை முழுதாகப் போயிருக்கலாம். அப்படி எண்ணிக்கை நின்றுவிட்டால் டிஎஸ்3231 ஒரு கொடியைத் தூக்கிவைத்துக்கொள்ளும். கர்னல் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு நேரத்தை எடுக்க மறுத்து, "நேரத்தை வை" என்று மட்டும் லாகில் எழுதும். ஒரு தடவை சரியான நேரத்தை எழுதினால் கொடி இறங்கிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இந்தக் குணத்துக்காகவே எனக்கு இந்தச் சிப்பைப் பிடிக்கும்.

ரீட்-ஒன்லி என்றால் சிப்பிலும் எழுத முடியாதா? யார்தான் அதைச் சரிசெய்துகொண்டே இருப்பது?

ரீட்-ஒன்லி என்பது ஃபைல்களுக்கு மட்டும்தான், சிப்பில் எழுத எந்தத் தடையும் இல்லை. நெட்டில் இருந்து நேரம் ஒத்திசைந்துவிட்டால் கர்னலே 11 நிமிடத்துக்கு ஒரு தடவை சிப்பில் நேரத்தை எழுதும். குரோனியில் அதற்கு ஆர்டிசி-சிங்க் என்ற ஒரு வரி அமைப்பில் இருக்கவேண்டும். டைம்சிங்க் நிரலில் எதுவும் செய்ய வேண்டாம்.

சிப்பில் எப்போதும் யுடிசி (உலகப் பொது நேரம்) மட்டுமே இருக்கட்டும், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவதை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். உள்ளூர் நேரமா யுடிசியா என்பதைக் குறிக்கும் ஃபைலை இமேஜிலேயே சரியாக வைத்துவிடுங்கள். ஷட்டவுனில் சிஸ்டம் நேரத்தைச் சிப்பில் எழுதும் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நெட் இல்லாத நாளில் தப்பான சிஸ்டம் நேரம் சரியான சிப்பைக் கெடுத்துவிடும்.

எந்த சர்வரை வைப்பது?

எல்லோருக்கும் பொதுவான என்டிபி பூல் சர்வர்களில் நான்கு போதும். இந்தியாவில் நிறுவனத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால், 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவைப் பாருங்கள்: என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசையச் சொல்கிறது. கூகுளின் சர்வர் லீப் செகண்டை (யுடிசியில் எப்போதாவது கூட்டப்படும் ஒரு நொடியை) ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் கொடுக்கும், அதை மற்ற சர்வர்களோடு கலக்காதீர்கள்.

குரோனியின் டிரிஃப்ட் ஃபைலை எங்கே வைப்பது? எழுத இடமே இல்லையே.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். உங்கள் போர்டின் படிகம் எத்தனை பிபிஎம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது என்று குரோனி கற்றுக்கொண்டு அந்த எண்ணை எழுதிவைக்கிற ஃபைல். உள்ளே இரண்டே எண்கள்: ஒன்று விலகல், இன்னொன்று அதில் எவ்வளவு சந்தேகம் என்பது. நெட் எப்போதும் இருக்கும் பெட்டிக்கு இதைப் பாதுகாக்கவே வேண்டாம், மெமரியில் எழுதட்டும், ரீபூட் ஆனால் மறுபடியும் கற்றுக்கொள்ளும். அந்த ஃபைல் இருக்கும் அடைவு (ஃபோல்டர்) மெமரியில் உருவாகும்போது அதன் உரிமை குரோனி ஓடும் பயனருக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நெட் விட்டுவிட்டு வரும் பெட்டிக்கு அந்த எண் தங்கம். பூட் ஆனதும் நெட் வராமல் இரண்டு நாள் போனால், எண் தெரியாத பை 15 பிபிஎம் விலகலோடு ஓடி இரண்டரை நொடி தள்ளிப்போகும். எண் தெரிந்தால் பெரும்பகுதி திருத்தப்பட்டுவிடும். பலர் இதற்காகக் கார்டில் எழுதக்கூடிய சின்னப் பார்ட்டிஷன் ஒன்றை வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்ட்டிஷன் கோடு நாம் போட்டது, கார்டின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கு அது தெரியாது. எழுதும்போது அது பெரிய பிளாக்குகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரம் கரண்ட் போனால் பாதிப்பு பக்கத்துப் பார்ட்டிஷனிலும் விழலாம். எதற்காக ரீட்-ஒன்லி ஆக்கினோமோ அதுவே போய்விடும்.

நான் செய்வது வேறு. மேலே சொன்ன இசட்எஸ்-042 மாட்யூலில் கடிகாரச் சிப்புக்குப் பக்கத்தில் எட்டுக் கால் உள்ள இன்னொரு சின்னச் சிப்பைப் பாருங்கள். அது ஏடி24சி32, 4096 பைட் கொள்ளும், கரண்ட் போனாலும் மறக்காத இஇப்ராம். பத்து லட்சம் தடவை எழுதலாம் என்பது அதன் கணக்கு, மணிக்கு ஒரு தடவை எழுதினாலே நூறு வருடத்துக்கு மேல் வரும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தினமும் ஒரு தடவை டிரிஃப்ட் ஃபைலின் இரண்டு எண்களையும் அதில் எழுதும். பூட்டில் குரோனி தொடங்கும் முன் அதைப் படித்து மெமரியில் ஃபைலாக வைக்கும். எண் அபத்தமாக இருந்தால், அதாவது 100 பிபிஎம்முக்கு மேல் போனால், தூக்கிப்போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மாட்யூலிலேயே இருக்கிற இந்தச் சிப்பை யாருமே பயன்படுத்தாமல் விடுவது எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

எழுதக்கூடிய வேறு ஓர் இடத்தில் இருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் பைண்ட் மவுண்ட் செய்தேன் (ஓரிடத்தில் உள்ளதை இன்னோர் இடத்திலும் தெரியவைத்தேன்), குரோனி எழுத மறுக்கிறது. ஏன்?

குரோனி பழைய ஃபைலுக்குள் எழுதுவதில்லை. அதே அடைவில் புது ஃபைலை எழுதிவிட்டு, பழைய பெயருக்கு மாற்றும். மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைலின் மேல் இப்படிப் பெயர் மாற்ற கர்னல் விடாது. ஃபைலை விட்டுவிட்டு அடைவை மவுண்ட் செய்யுங்கள்.

ஒரு பெட்டியின் டிரிஃப்ட் எண்ணை இமேஜிலேயே வைத்து நாற்பது பெட்டிக்கும் காப்பி போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு போர்டின் படிகமும் வேறு, ஒன்று 8 பிபிஎம் வேகமாக ஓடினால் பக்கத்தில் உள்ளது 5 பிபிஎம் மெதுவாக ஓடும். அடுத்தவரின் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போலத்தான் ஆகும். அந்த ஃபைல் இல்லாமல் இமேஜ் எடுங்கள்.

பைக்குப் பதில் இன்டெல் வகை போர்டு என்றால் சொந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. கர்னல் ஒவ்வொரு பூட்டிலும் ப்ராசசரின் வேகத்தைப் புதிதாக அளந்தால், விலகலும் பூட்டுக்கு பூட் மாறும். பையின் டைமர் வேகம் நிலையானது என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நெட்டே கிடையாது, ஜிபிஎஸ் மாட்டினால் போதுமா?

வானம் தெரிந்தால் போதும், அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் சீரியல் வழியாக வரும் நேர வரிகளை மட்டும் நம்பினால் பத்து முதல் சில நூறு மில்லிசெகண்ட் வரை ஆடும். பிபிஎஸ் என்ற நொடித்துடிப்புக் கம்பியையும் இணைத்தால் மைக்ரோசெகண்ட் அளவுக்கு வந்துவிடும்.

இரண்டு பொறிகள் உண்டு. ஜிபிஎஸ் வாரங்களை 10 பிட்டில் எண்ணுகிறது, 1024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ல் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். பழைய ரிசீவர்கள் சில பத்தொன்பதரை வருடம் பின்னால் போய் நிற்பது இதனால்தான், இதுவும் நம்பும்படியான தப்பு. அடுத்தது, ஜிபிஎஸ் நேரம் 2017-ல் இருந்து யுடிசியைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லும் செய்தி 12.5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். ரிசீவர் புதிதாக விழித்த முதல் கால் மணி நேரத்தில் சில நொடி பிசகு இருந்தால் பதறவேண்டாம், பதிவு செய்யாமல் பொறுத்திருங்கள்.

நேரம் திருத்தப்படும்போது பின்னால் குதித்து, டைமர் வைத்த பம்ப் இரண்டு தடவை ஓடிவிட்டது. என்ன செய்வது?

பம்பின் ஓட்ட நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தை (தேதியும் மணியும் காட்டும் சிஸ்டம் நேரத்தை) வைத்துக் கணக்கிடாதீர்கள். "பத்து நிமிடம் ஓடு" என்பதை, முன்னோக்கி மட்டுமே எண்ணும் மோனோடோனிக் கடிகாரத்தில் எண்ணுங்கள், அதை யாரும் முன்னேயோ பின்னேயோ தள்ள முடியாது. "காலை ஆறு மணிக்கு ஓடு" என்பதற்கு மட்டும் சுவர்க் கடிகாரம், அதிலும் "இன்று ஏற்கெனவே ஓடிவிட்டதா" என்று ஒரு கேள்வி.

குரோனியில் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் குதிக்கவிட்டு, பிறகு மெல்ல இழுக்கும்படி அமையுங்கள். கர்னலின் வழக்கமான திருத்தம் நொடிக்கு 500 மைக்ரோசெகண்ட்தான், ஒரு நொடியைச் சரிசெய்ய 33 நிமிடம் ஆகும். குரோனி அதைவிட வெகு வேகமாக இழுக்கும், ஆனாலும் பின்னால் குதிக்காது.

2038-ல் எல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே?

32 பிட்டில் நேரத்தை எண்ணும் நிரல்களுக்கு 2038 ஜனவரி 19-ல் எண்ணிக்கை நிரம்பிவிடும். 64 பிட் ஓஎஸ் போடுங்கள். பழைய போர்டு என்றால் 2025-ல் வந்த டெபியன் 13 லினக்ஸ், 32 பிட் ஆர்ம் போர்டுகளுக்கும் 64 பிட் நேரத்தைக் கொண்டுவந்துவிட்டது. உறையவைத்த பெட்டிகள் பத்துப் பதினைந்து வருடம் தொடப்படாமல் ஓடும் என்பதால் இதை இப்போதே பார்க்கவேண்டும்.

பெட்டி காட்டும் நேரம் சரிதான் என்று எப்படி நம்புவது?

பெட்டியையே சொல்ல வையுங்கள். என் பதிவுகளில் ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும்: நெட்டில் ஒத்திசைந்ததா, சிப்பில் இருந்து மட்டும் எடுத்ததா, இரண்டும் இல்லையா. கூடவே பூட் ஆனதில் இருந்து எத்தனை நொடி என்ற எண்ணும் எழுதப்படும். அது இருந்தால், நேரம் தப்பாக இருந்த வரிகளைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பால் தொட்டிப் பதிவில் இது இல்லாததால்தான் இருபது வரிகளும் வீணாயின.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம் செய்வேன். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, ஷட்டவுன் செய்யாமல் கரண்டை அப்படியே உருவிவிட்டு, இரவு முழுக்க விட்டுவிடுவேன். காலையில் நெட் இல்லாமலேயே ஆன் செய்து, போனில் நொடி காட்டும் கடிகாரத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒரு நொடிக்குள் ஒத்துப்போனால்தான் மூடியை வைத்து ஸ்க்ரூ முடுக்குவேன்.